மெயில் அனுப்புமுன்: ப்ரெபொசிஷன் பழுது எங்கே, எப்படிப் பார்ப்பது

கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்யும் அலுவலகம் ஒன்றில் 14 வருடமாக இருக்கிறேன். திரைச்சீலையும் கிச்சன் டவலும் கீழ்த்தளத்தில் பேக் ஆகிக்கொண்டிருக்கும். மாடியில் என் மேசைக்கு வருவதெல்லாம் மெயில். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பிள்ளைகள் பையருக்கு, அதாவது வெளிநாட்டில் வாங்குபவருக்கு, எழுதியதை அனுப்புமுன் ஒரு தடவை பார்த்துக் கொடுப்பது எப்படியோ என் வேலையாகிப் போனது. சாயங்காலம் வீட்டில், வெளிநாட்டு வேலைக்கு முயலும் நர்ஸ் பிள்ளைகள் நாலைந்து பேர் ஓ.ஈ.டி. என்ற மருத்துவத் துறை ஆங்கிலத் தேர்வுக்குக் கடிதம் எழுதிப் பழக வருவார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பழுது. ஸ்பெல்லிங்கைக் கம்ப்யூட்டர் பிடித்துவிடும். டென்ஸ் ஆறு மாதத்தில் தேறும். ப்ரெபொசிஷன், அதாவது 'இன்', 'ஆன்', 'டு' போன்ற ஒட்டுச் சொல், மட்டும் பழைய ஓட்டு வீடு மாதிரி, அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி ஒழுகும்.

இதில் இலக்கணப் பாடம் கிடையாது. உங்கள் வாக்கியத்தில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் இந்தப் பழுது காதில் விழும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இது

சந்தேகம் வந்த வாக்கியத்தைத் தமிழில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அதில் எந்த ஒட்டு வருகிறது? 'இல்', 'க்கு', 'இடம்', 'ஆல்', 'ஓடு', 'குள்', 'மேல்', 'பற்றி', 'இலிருந்து' இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் ஆங்கில வேடம் போட்டு உட்கார்ந்திருக்கும். 'வெள்ளிக்கிழமைக்குள்' என்பது 'வித்தின் ஃப்ரைடே' ஆகிறது. 'கத்தியால்' என்பது 'பை நைஃப்' ஆகிறது. 'என் மேல கோபம்' என்பது 'ஆங்ரி ஆன் மீ' ஆகிறது. ஒட்டு எது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பழுது கையில் சிக்கிவிடும். பத்து வினாடி வேலை, காசு செலவில்லை.

அறிகுறி: தேவையில்லாத இடத்தில் ஒரு சொல் முளைத்திருக்கிறது

'வீ டிஸ்கஸ்டு அபவுட் த ப்ரைஸ்.' எங்கள் அலுவலகத்தில் வாரத்துக்கு ஒன்றாவது வரும். தமிழில் 'விலையைப் பற்றிப் பேசினோம்' என்கிறோம். அந்தப் 'பற்றி' வெளியே வந்து 'அபவுட்' ஆகி நிற்கிறது. ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'பற்றி' இருக்கிறது. 'வீ டிஸ்கஸ்டு த ப்ரைஸ்', அவ்வளவுதான்.

இதே ரகத்தில் நான் அதிகம் அடிக்கும் சொற்கள்: 'மென்ஷன் அபவுட்', 'எம்ஃபசைஸ் ஆன்', 'ரீச் டு', 'என்டர் இன்டு த ரூம்', 'மேரி வித்', 'அவெய்ட் ஃபார்', 'கான்டாக்ட் டு', 'ரிசெம்பிள் டு', 'கம்ப்ரைஸ் ஆஃப்'. எல்லாவற்றிலும் இரண்டாவது சொல்லை எடுத்துவிட்டால் வாக்கியம் நிமிர்ந்துவிடும். ஆறு நாப்கின் கொண்ட செட் என்றால் 'த செட் கம்ப்ரைசஸ் சிக்ஸ் நாப்கின்ஸ்'. 'ஆஃப்' போட்டே தீருவேன் என்றால் 'கன்சிஸ்ட்ஸ் ஆஃப்' எழுதுங்கள், அங்கே அது கட்டாயம்.

எடுத்தும் சரியாகவில்லையா? அடுத்த சோதனை: அந்தச் சொல் வினையா, பெயரா?

இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். 'ரிக்வெஸ்ட்' வினையாக வந்தால் ஒட்டு வேண்டாம்: 'வீ ரிக்வெஸ்ட் அன் எக்ஸ்டென்ஷன்.' பெயராக வந்தால் வேண்டும்: 'அவர் ரிக்வெஸ்ட் ஃபார் அன் எக்ஸ்டென்ஷன்.' 'தே ஆர்டர்டு 500 பீசஸ்', ஆனால் 'அன் ஆர்டர் ஃபார் 500 பீசஸ்'. 'டிஸ்கஷன் அபவுட்' சரி, 'எம்ஃபசிஸ் ஆன்' சரி, 'ஆன்சர் டு' சரி. பெயர்ச்சொல்லில் கேட்டுப் பழகிய ஜோடியைத்தான் நம் பிள்ளைகள் வினைக்கும் மாட்டிவிடுகிறார்கள். அதனால் சொல்லுக்கு முன்னால் 'அ', 'த', 'அவர்', 'யுவர்' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒட்டு பெரும்பாலும் தங்கும். இல்லையென்றால் எடுத்துப் பாருங்கள்.

இன்னும் சந்தேகமா? ஒட்டு சேர்ந்தால் பொருள் மாறும் சொற்கள் கொஞ்சம் உண்டு. 'என்டர் த ரூம்' அறைக்குள் நுழைவது. 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்' ஒப்பந்தம் செய்துகொள்வது, அங்கே 'இன்டு' சரிதான். 'அட்டெண்ட் த மீட்டிங்' கூட்டத்துக்குப் போவது. 'அட்டெண்ட் டு த கம்ப்ளெயின்ட்' புகாரைக் கவனித்துத் தீர்ப்பது. 'ப்ளீஸ் அப்ரூவ் த சாம்பிள்' என்றால் சாம்பிளுக்கு ஒப்புதல் கேட்கிறீர்கள். அதையே 'அப்ரூவ் ஆஃப்' என்று எழுதினால் பையருக்கு அது மனசுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்று வேண்டுகிறீர்கள். பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, சீல் போட்டால் போதும்.

அறிகுறி: இருக்க வேண்டிய சொல் விட்டுப்போயிருக்கிறது

முந்தைய பழுதின் மறுபக்கம். இதைக் கண்டுபிடிப்பது கடினம், இல்லாததைக் கண் பார்க்காது. தமிழில் 'ஐ' வரும் இடம், அல்லது 'பார்', 'கேள்' போன்ற வினை நேராகப் பொருளைப் பிடிக்கும் இடம்தான் இதன் ஊற்று. 'பாட்டைக் கேள்' என்பதில் நடுவே எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் 'லிசன் டு' வேண்டும்.

அலுவலகத்தில் முதல் இடம் 'கைண்ட்லி ரெஃபர் த அட்டாச்மென்ட்' என்பதற்கு. 'ரெஃபர் டு த அட்டாச்மென்ட்' என்பதுதான் 'இணைப்பைப் பாருங்கள்'. 'டு' இல்லாமல் 'ரெஃபர்' என்றால் அனுப்பிவைப்பது. டாக்டர் நோயாளியை இன்னொரு டாக்டரிடம் 'ரெஃபர்' செய்கிறாரே, அது. இரண்டாம் இடம் 'அப்ளை லீவ்'. 'அப்ளை ஃபார் லீவ்' என்பதே சரி. வெறும் 'அப்ளை' களிம்புக்கு. புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் லீவை எங்கே தடவப் போறே என்று கேட்பேன், அதற்கப்புறம் மறப்பதில்லை. மூன்றாவது 'ரிப்ளை மை மெயில்'. 'ரிப்ளை டு' வேண்டும். பிறகு 'எக்ஸ்ப்ளெயின் மீ' ('எக்ஸ்ப்ளெயின் டு மீ'), 'வெய்ட் மீ' ('வெய்ட் ஃபார் மீ'), 'டிஸ்போஸ் த வேஸ்ட்' ('டிஸ்போஸ் ஆஃப்').

மாலை வகுப்பில் இதே பழுது வேறு கனத்தோடு வரும். ஒரு பெண் எழுதியிருந்தாள்: 'த சர்ஜன் ஆப்பரேட்டட் த பேஷண்ட்.' மெஷினைத்தான் 'ஆப்பரேட்' செய்வார்கள். ஆளுக்கு அறுவை செய்தால் 'ஆப்பரேட்டட் ஆன் த பேஷண்ட்'. அந்த 'ஆன்' இல்லாமல் அந்த நோயாளி ஒரு தறி மாதிரி ஆகிவிடுகிறார். நர்ஸ்கள் ஒரு சங்கிலியாக மனப்பாடம் செய்துகொள்வது நல்லது: 'அட்மிட்டட் வித் நிமோனியா', 'டயக்னோஸ்டு வித் டயபெட்டிஸ்', 'ட்ரீட்டட் ஃபார் இன்ஃபெக்ஷன்', 'அலர்ஜிக் டு பெனிசிலின்', 'கம்ப்ளெயின்ட் ஆஃப் செஸ்ட் பெய்ன்', 'டிஸ்சார்ஜ்டு ஃப்ரம் ஹாஸ்பிடல்'. நெஞ்சு வலிக்கு 'கம்ப்ளெயின் ஆஃப்', கேன்டீன் சாப்பாட்டுக்கு 'கம்ப்ளெயின் அபவுட்'.

வாக்கிய வாலில் விட்டுப்போவது இன்னொரு கிளை. 'தேர் இஸ் நோ சேர் டு சிட்' என்றால் ஏதோ குறைகிறது. சோதனை எளிது: திருப்பிச் சொல்லுங்கள். நாற்காலியை உட்காருவோமா, நாற்காலியின் மேல் உட்காருவோமா? 'சிட் ஆன் அ சேர்' என்றால் அந்த 'ஆன்' வாலிலும் வர வேண்டும்: 'நோ சேர் டு சிட் ஆன்.' இப்படியே 'அ பென் டு ரைட் வித்', 'நத்திங் டு வரி அபவுட்'.

வாலில் ப்ரெபொசிஷன் வரக்கூடாது என்று யாராவது சிவப்பு மையால் சுழித்தால் பதறாதீர்கள். 1672-இல் ஜான் டிரைடன் என்ற கவிஞர் தனக்கு முந்தைய நாடகாசிரியர் பென் ஜான்சனை இதற்காகக் குறை சொன்னதிலிருந்து தொடரும் வழக்கு இது. 1926-இலேயே, ஆங்கில வழக்குக்கு அகராதி செய்த ஃபௌலர் இதை மூடநம்பிக்கை என்று எழுதிவிட்டார். பழுது இல்லாத இடத்தைப் பிரிக்க வேண்டாம். மேலதிகாரி பிடிவாதமாக இருந்தால் வாக்கியத்தை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

ஒரு சின்ன விதிவிலக்குக் கூட்டம்: 'ஹோம்', 'ஹியர்', 'தேர்', 'அப்ராட்', 'அப்ஸ்டேர்ஸ்'. இவற்றுக்கு முன் 'டு' வராது. 'ஐ வென்ட் சென்னை' தவறு, 'டு' வேண்டும். 'ஐ வென்ட் டு ஹோம்' தவறு, 'டு' வேண்டாம். இரண்டு தவறையும் ஒரே ஆள் ஒரே நாளில் செய்வார்.

அறிகுறி: இன், ஆன், அட் மூன்றில் எது என்று கை நிற்கிறது

காரணம் 'இல்'. பஸ்ஸில், வீட்டில், ஜூனில், திங்கட்கிழமையில், ஐந்து மணி அளவில் என்று எல்லாவற்றுக்கும் ஒரே ஒட்டைத் தேய்த்தே ஓட்டிவிடுகிறோம். ஏழாம் வேற்றுமைக்குப் பழைய இலக்கணக்காரர்கள் 28 உருபு எண்ணி வைத்தார்கள். கண், கால், கடை, தலை, உழை என்று. அதில் பாதியாவது பேச்சில் மிஞ்சியிருந்தால் இந்த ஆங்கிலம் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்குமோ என்று சில சமயம் தோன்றும். போகட்டும்.

பிரச்சினை நேரமா? கடிகார முள் 'அட்', காலண்டர் தாள் 'ஆன்', மாதமும் வருடமும் 'இன்'. 'அட் ஃபைவ்', 'ஆன் மண்டே', 'ஆன் ஜனவரி 15', 'இன் ஜூன்', 'இன் 2019'. காலை மாலைக்கு 'இன் த மார்னிங்', இரவுக்கு 'அட் நைட்'. ஆனால் கிழமை கூடவே வந்தால் காலண்டர் தாள் ஜெயிக்கும்: 'ஆன் மண்டே மார்னிங்'. பொங்கல் சமயம் என்றால் 'அட் பொங்கல்', பொங்கல் அன்றே என்றால் 'ஆன் பொங்கல் டே'. 'லாஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'திஸ்', 'எவ்ரி' முன்னால் நின்றால் மூன்றுமே வேண்டாம். 'ஆன் லாஸ்ட் மண்டே' என்பதில் 'ஆன்' தண்டம்.

பிரச்சினை வண்டியா? உள்ளே எழுந்து நடக்க முடிந்தால் 'ஆன்': 'ஆன் த பஸ்', 'ஆன் த ட்ரெய்ன்', 'ஆன் த ஃப்ளைட்'. குனிந்து ஏறி அப்படியே உட்கார வேண்டியிருந்தால் 'இன்': 'இன் த கார்', 'இன் அன் ஆட்டோ'. கால் போட்டு ஏறுவதற்கு மறுபடி 'ஆன்': 'ஆன் அ பைக்'. 'இன் த பஸ்' என்று நம்மூரில் எல்லாரும் சொல்கிறோம், யாருக்கும் புரியாமல் போகாது. பையருக்கு எழுதும்போது மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். ஏற்றுமதிக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது. தினமும் எஃப்.ஓ.பி. என்று எழுதுகிறோமே, அது 'ஃப்ரீ ஆன் போர்ட்', சரக்கைக் கப்பலில் ஏற்றிக் கொடுக்கும் நிபந்தனை. கப்பல் பெரியது, நடக்கலாம், அதனால் 'ஆன்'.

பிரச்சினை இடமா? ஊரும் நாடும் 'இன்', தெருவும் ரோடும் 'ஆன்', கதவு எண்ணோடு வரும் முகவரி 'அட்'. சுற்றளவு சுருங்கச் சுருங்க 'இன்'இலிருந்து 'அட்'டுக்கு வருவோம். டி.ஏ.பி. என்பது 'டெலிவர்டு அட் ப்ளேஸ்'. குறிப்பிட்ட ஒரு புள்ளியில் கொண்டுபோய் வைப்பது, அதனால் 'அட்'. எல்.சி. (பையரின் வங்கி பணத்துக்கு உறுதி சொல்லித் தரும் கடிதம்) 'அட் சைட்' என்பதும் நேரத்தில் ஒரு புள்ளிதான், ஆவணத்தைக் காட்டும் நொடி. பிறகு, 'அரைவ்' என்ற சொல்லோடு 'டு' எப்போதும் வராது: 'அரைவ் இன் ஜெர்மனி', 'அரைவ் அட் த போர்ட்'. 'டு' கையில் வந்தே தீருகிறதென்றால் 'அரைவ்' வேண்டாம், 'ரீச் தூத்துக்குடி' என்று எதுவும் ஒட்டாமல் எழுதிவிடுங்கள்.

அறிகுறி: தேதி கொடுத்த பிறகு பையர் குழம்பிப் பதில் போடுகிறார்

இதை மெதுவாகப் பாருங்கள், பணம் போகும் இடம் இதுதான்.

இரண்டு வருடம் முன்பு சேர்ந்த பெண் ஒருத்தி எழுதிய மெயில் நான் பார்க்காமலே போய்விட்டது: 'வீ வில் சென்ட் த சாம்பிள்ஸ் டில் ஃப்ரைடே.' பையரிடமிருந்து ஒரே வரி பதில்: 'அண்ட் வாட் ஹேப்பன்ஸ் ஆன் சாட்டர்டே?' ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டி, "சார், கிராமர் கரெக்ட்டுதானுங்களே?" என்றாள். கரெக்ட்தான். 'வெள்ளி வரைக்கும் சாம்பிளை அனுப்பிக்கொண்டே இருப்போம், அதற்கப்புறம் நிறுத்திவிடுவோம்' என்பதை அந்த வாக்கியம் பிசகில்லாமல் சொல்கிறது. அவள் சொல்ல வந்தது வெள்ளிக்குள் ஒரு தடவை அனுப்பிவிடுவோம் என்பது.

சோதனை: அந்த வேலை ஒரு தடவை நடந்து முடிவதா, நீடித்து நடப்பதா? அனுப்புவது, முடிப்பது, கட்டுவது, வந்து சேர்வது ஒரு தடவை; அதற்கு 'பை ஃப்ரைடே'. காத்திருப்பது, திறந்திருப்பது, தங்குவது நீடிப்பது. அதற்கு 'டில் ஃப்ரைடே', 'அன்டில் ஃப்ரைடே'. தமிழில் 'குள்' வந்தால் 'பை', 'வரை' வந்தால் 'டில்'. இந்த ஒரு இடத்தில் தமிழ் நமக்கு உதவி செய்கிறது, விட்டுவிடாதீர்கள்.

ஆனால் அதே 'குள்' அடுத்த படியில் காலை வாருகிறது. 'வித்தின் ஃப்ரைடே', 'வித்தின் ஃபைவ் ஓ'கிளாக்' என்று எழுதிவிடுகிறோம். 'வித்தின்' பக்கத்தில் கால அளவு நிற்க வேண்டும்: 'வித்தின் ஃபைவ் டேஸ்'. தேதியும் கிழமையும் மணியும் நின்றால் 'பை'. எண்ணுக்குப் பின்னால் நாள், வாரம், மணி நேரம் என்று அளவு வருகிறதா? 'வித்தின்'. இல்லையா? 'பை'.

'இன் ஃபைவ் டேஸ்' என்று எழுதினால்? பெரும்பாலும் ஐந்து நாள் கழித்து என்றே எடுத்துக்கொள்வார்கள். முன்னாடியே அனுப்பும் உத்தேசம் இருந்தால் 'வித்தின்' பாதுகாப்பு. எதிலிருந்து ஐந்து நாள் என்பதையும் சேர்த்துவிடுங்கள்: 'வித்தின் ஃபைவ் டேஸ் ஆஃப் யுவர் அப்ரூவல்'.

அடுத்தது, தமிழ்க்காரர் என்று நெற்றியில் ஒட்டிவிடும் பிழை: 'பிஃபோர் டூ டேஸ் ஐ சென்ட் த மெயில்.' ரெண்டு நாளைக்கு முன்னாடி என்பதை அப்படியே நட்டுவைத்திருக்கிறோம். இன்றிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 'டூ டேஸ் அகோ', எண்ணின் பின்னால் வரும். வேறொரு சம்பவத்திலிருந்து எண்ணினால் 'டூ டேஸ் பிஃபோர் த ஷிப்மென்ட்'. எங்கிருந்து எண்ணுகிறேன் என்று கேட்டுக்கொண்டால் போதும்.

'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் ஃப்ரம் 2012' அல்லது 'சின்ஸ் 12 இயர்ஸ்'. இதில் இரண்டு பழுது. தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ் 2012', ஓடிய நீளத்துக்கு 'ஃபார் 12 இயர்ஸ்'. இதை மட்டும் மாற்றினால் போதாது, முன்பக்கம் 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்' ஆக வேண்டும். ஒட்டை மாற்றிவிட்டு வினையை விட்டுவிடுவது பங்சர் ஒட்டிவிட்டுக் காற்றடிக்க மறப்பது போல.

'ஆன் டைம்' குறித்த நேரத்துக்கு, 'இன் டைம்' காலம் கடக்குமுன். ஷிப்மென்ட் 'ஆன் டைம்' போனது. கண்டெய்னர் கப்பலைப் பிடிக்க 'இன் டைம்' வந்தது.

அறிகுறி: வாக்கியம் சரி, ஆனால் எதிராளி சிரிக்கிறார் அல்லது முறைக்கிறார்

பையரின் ஆள் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார். அழைத்துவரப் போன பையன் போனில் தட்டினான்: 'ஐ ஆம் இன் த வே.' 'வந்துக்கிட்டே இருக்கேன்' என்று சொல்வதாக அவன் நினைப்பு. 'குறுக்கே நிற்கிறேன்' என்று அவர் படித்தார். 'ஆன் த வே' என்றிருக்க வேண்டும். 'வழியில்' என்ற 'இல்' செய்த வேலை.

இந்த வகையில் இன்னும் சில. 'த்ரோ த பால் டு ஹிம்' பிடிக்கப் போடுவது, 'த்ரோ இட் அட் ஹிம்' அடிக்க எறிவது. 'ஷௌட் டு' தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுவது, 'ஷௌட் அட்' திட்டுவது. 'அட்' வந்தால் குறி பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபத்துக்கு மட்டும் 'ஆங்ரி வித் மீ', 'ஆங்ரி அட் மீ' இரண்டும் ஓடும், 'ஆன்' ஓடாது.

'எதிரே' என்பது தனித் தொல்லை. ஓட்டலுக்கு எதிரே என்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கமா, ஓட்டல் வாசலிலேயேவா? ஆங்கிலத்தில் அந்தப் பக்கம் 'ஆப்போசிட் த ஹோட்டல்', வாசல் முன்னால் 'இன் ஃப்ரண்ட் ஆஃப் த ஹோட்டல்'. 'ஆப்போசிட் டு' என்று முகவரியில் எழுதுகிறோம், 'டு' வேண்டாம். கடைப் போர்டுகளில் இருப்பதை நான் திருத்தப் போவதில்லை.

அறிகுறி: ஆல், ஓடு வரும் இடமெல்லாம் 'பை', 'வித்' இடம் மாறுகிறது

'த டவல் இஸ் மேட் பை காட்டன்.' பருத்தி உட்கார்ந்து டவல் நெய்யவில்லை. சோதனைக்கு வேறெங்கும் போக வேண்டாம், நம் லேபிளை எடுத்துப் படியுங்கள்: 'மேட் இன் இந்தியா', 'மேட் ஆஃப் 100% காட்டன்', கைத்தறி என்றால் 'மேட் பை ஹேண்ட்'. மூன்று ஒட்டும் விரல் அகலத் துணியில் இருக்கிறது. மூலப்பொருள் உருத்தெரியாமல் மாறியிருந்தால் 'மேட் ஃப்ரம்': பெட் பாட்டிலை உருக்கி எடுத்த நூல் 'மேட் ஃப்ரம் பாட்டில்ஸ்'.

கருவி என்றால் 'வித்': 'கட் வித் அ நைஃப்'. செய்த ஆள் என்றால் 'பை': 'செக்டு பை அவர் க்யூ.சி.'. பொட்டலம் என்றால் இரண்டும் இல்லை: 'பேக்டு இன் பாலிபேக்ஸ்'. பயணத்துக்குப் 'பை பஸ்', 'பை ட்ரெய்ன்'. ஆனால் நடுவில் 'மை', 'த', 'அ' வந்தவுடன் 'பை' போய்விடும்: 'இன் மை கார்'. நடந்து வந்தால் 'ஆன் ஃபுட்'. 'பை வாக்' என்பது ஊருக்குள் மட்டும் செல்லும் நோட்டு.

அறிகுறி: எந்த விதிக்கும் அடங்கவில்லை

சில சொற்கள் தங்கள் ஜோடியோடு மட்டுமே வரும், ஏன் என்று கேட்டுப் பயனில்லை. 'குட் அட்', 'இன்ட்ரஸ்டட் இன்', 'அஃப்ரெய்ட் ஆஃப்', 'டிபெண்ட்ஸ் ஆன்', 'மேரிட் டு', 'சஃபரிங் ஃப்ரம்', 'கங்ராஜுலேஷன்ஸ் ஆன்', 'பிலீவ் இன்', 'கோப் வித்' (நடுவில் 'அப்' வேண்டாம்). லத்தீன் வழி வந்த 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்', 'இன்ஃபீரியர்' நாலுக்கும் 'தேன்' வராது, 'டு' வரும். 'ப்ரிஃபர்' கூட அப்படித்தான்: 'ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி'. ஒரு நோட்டில் ஜோடியாக எழுதி வையுங்கள், சொல்லைத் தனியாக எழுதாதீர்கள்.

புத்தகம் ஒன்று சொல்ல, பையர் வேறு எழுதுகிறாரா? அவர் அமெரிக்கரா என்று பாருங்கள். பிரிட்டனில் 'அட் த வீக்கெண்ட்', அமெரிக்காவில் 'ஆன் த வீக்கெண்ட்'. அங்கே 'மண்டே த்ரூ ஃப்ரைடே', இங்கே 'மண்டே டு ஃப்ரைடே'. 'ரைட் மீ' என்று 'டு' இல்லாமல் அவர் எழுதினாலும் அது பழுது இல்லை. எந்த நாட்டுக்கு எழுதுகிறீர்களோ அந்த வழக்கில் முழு மெயிலும் இருந்தால் போதும்.

எதுவும் பிடிபடவில்லை என்றால்

முதலில் கற்போருக்கான அகராதி. ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் இணையத்தில் இலவசம். ஜப்பானியருக்குப் பாடம் நடத்திய ஹார்ன்பி 1942-இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதியின் வழிவந்தது. ஆங்கிலம் தாய்மொழியல்லாதவருக்கென்றே செய்தது என்பதால், சொல்லின் பக்கத்திலேயே எந்த ஒட்டு வரும் என்று காட்டும். பொருளைப் படிக்க வேண்டாம், எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் பாருங்கள்.

அடுத்து, சொற்றொடரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடலாம். ஆனால் 'டிஸ்கஸ் அபவுட்' என்று தேடினாலும் லட்சக்கணக்கில் கிடைக்கும், எல்லாம் நம்மைப் போன்றவர்கள் எழுதியது. எந்த நாட்டுப் பத்திரிகை என்று பார்த்து எடுக்க வேண்டும்.

இலக்கணம் பார்க்கும் மென்பொருள் மூன்றாவது. 'டிஸ்கஸ் அபவுட்'டைப் பிடித்துவிடும். 'டில் ஃப்ரைடே'க்குப் பெரும்பாலும் வாய் திறக்காது, வாக்கியம் சரியாக இருக்கிறதே. காசு கட்டி வாங்குமுன் இதை யோசியுங்கள்.

தேர்வு எழுதுபவர்கள், ஒரே வகைப் பிழை மூன்று மாதிரித் தாளிலும் தொடர்ந்தால், தனியாக உட்கார்ந்து திருத்திக் கொடுக்கும் ஆசிரியரிடம் போய்விடுங்கள். ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுத்துத் தேர்வில் நாலு அளவுகோலில் ஒன்று இலக்கணம், மதிப்பெண்ணில் கால்வாசி. இன்னொரு வழிகாட்டிப் புத்தகம் அதைத் திருத்தாது.

நாமே கை வைக்கக்கூடாத இடம்

எல்.சி., ஒப்பந்தம், வாடகைப் பத்திரம், டெண்டர். இவற்றில் ப்ரெபொசிஷன் ஆங்கிலமாக இருப்பதில்லை, சட்டமாகிவிடுகிறது. வங்கிகள் எல்.சி. பார்க்கும் யு.சி.பி. 600 விதிகள் 2007 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளவை. அதன் 3-ஆம் பிரிவுப்படி, ஷிப்மென்ட் காலத்தைச் சொல்ல 'டு', 'அன்டில்', 'டில்', 'ஃப்ரம்', 'பிட்வீன்' வந்தால் குறிப்பிட்ட தேதியும் கணக்கில் சேரும்; 'பிஃபோர்', 'ஆஃப்டர்' வந்தால் சேராது. ஆனால் பணம் முதிரும் தேதியைக் கணக்கிடும்போது அதே 'ஃப்ரம்' குறிப்பிட்ட தேதியை விட்டுவிடும். 'ஆன் ஆர் அபவுட்' என்று தேதி போட்டிருந்தால், அதற்கு முன் ஐந்து நாளும் பின் ஐந்து நாளும், இரு முனையும் சேர்த்து. நம் நாட்டின் 1897-ஆம் வருடத்துப் பொது உட்பிரிவுகள் சட்டம் 9-ஆம் பிரிவிலும், சட்ட வாசகத்தில் 'ஃப்ரம்' முதல் நாளை விலக்கவும் 'டு' கடைசி நாளைச் சேர்க்கவும் போதும் என்று இருக்கிறது.

எனவே எல்.சி. வரைவில் 'ஃப்ரம்' இடிக்கிறது என்று பட்டால், அதை நான் அழகாக்குவதில்லை. வங்கியின் ஏற்றுமதிப் பிரிவுக்குப் போன் போட்டு, தேதியைக் காலண்டரில் விரல் வைத்து எண்ணிக் கேட்கிறேன். ஒப்பந்தமானால் வக்கீல். மாடியில் இதற்கென்று ஒரு டிரே இருக்கிறது. அதில் விழும் தாளை அவர்கள் பார்த்த பிறகுதான் நான் தொடுவேன், அதுவும் கமா மட்டும்.